பாட்டுக்குப் பொன்னாடை, புத்தகத்துக்கு இனாமா?

நாமக்கல்லுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில் ஒரு சிற்றூர். அங்கே விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் வாலிபத் தோழர் ஒருவர் போன மாதம் நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் அறுபது எழுபது கவிதைகள் இருந்தன. தறியைப் பற்றியும், இரவு வேலையைப் பற்றியும், முன்பணம் வாங்கிவிட்டு அதைத் தீர்க்க வகையில்லாமல் குடும்பத்தோடு தறிப்பட்டறையிலேயே அடைந்து கிடப்பவர்களைப் பற்றியும் எழுதியவை. சில சுமார். இருபதுக்குக் குறையாமல் நல்லவை. அவர் நம் அபிப்பிராயத்தைக் கேட்க வரவில்லை. "35,000 ரூபாய் எங்கேயாவது கடன் கிடைக்குமா?" என்று கேட்கத்தான் வந்தார்.

கவிதை எழுதினவருக்குக் கடன் எதற்கு என்று விசாரித்தோம். ஒரு பட்டணத்துப் பதிப்பகத்தார் அந்தத் தொகையைக் கட்டினால் புத்தகம் போட்டுக் கொடுப்பதாகவும், அதில் 100 பிரதிகளை அவருக்கே கொடுத்துவிடுவதாகவும், ஒரு கூட்டம் போட்டு வெளியிட்டும் வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்களாம். தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள். தறி முதலாளியிடம் ஒரு முன்பணக் கடன் ஏற்கெனவே கழுத்தில் இருக்கிறது. அந்தக் கடனின் கொடுமையைப் பற்றி எழுதின பாட்டை அச்சுப் போட இன்னொரு கடனாம்!

இந்த வியாபாரத்தை நாம் புரோகிதம் என்றுதான் சொல்லுவோம். புரோகிதர், பெண்ணும் பிள்ளையும் ஒத்து வாழுவார்களா என்று பார்ப்பதில்லை. தட்டில் தக்ஷணை விழுந்ததா என்று பார்ப்பார், எழுந்து போவார். அது போலவே கவிஞரிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டி வாங்கிவிட்ட பதிப்பகத்தாருக்கு, அப்புறம் ஒரு பிரதியாவது விற்க வேண்டிய அவசியம் இல்லை. விற்க அவசியமில்லாதவருக்குப் பாட்டு நல்லதா கெட்டதா என்று பார்க்கவும் அவசியமில்லை, எழுத்துப் பிழை திருத்தவும் அவசியமில்லை. லாபம் முழுவதும் எழுதினவரின் ஆசையிலிருந்தே வந்துவிடுகிறபோது வாசகர் எதற்கு?

கவிஞர் தம் கைக்காசைப் போட்டுத் தம் பேரிலேயே புத்தகம் வெளியிடுவதை நாம் குறை சொல்லவில்லை. 1908-ல் பாரதியார் "ஸ்வதேச கீதங்கள்" என்ற முதல் பாட்டுப் புத்தகத்தைத் தாமேதான் வெளியிட்டார். 1920-ல் கடையத்திலிருந்து தம் எழுத்துக்களையெல்லாம் 40 புத்தகமாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது என்று திட்டம் போட்டுச் சிநேகிதர்களுக்குக் கடன் கேட்டுக் கடிதம் அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு போகும் என்பது அவர் நம்பிக்கை. பணம் வரவில்லை. அடுத்த வருஷம் அவரே போய்விட்டார். அவருடைய கொள்கைகளில் நமக்கு ஒப்பாதவை உண்டு என்றாலும், பாட்டைத் தீப்பெட்டியோடு சேர்த்துக் கணக்குப் போட்ட அந்தத் துணிச்சலை மெச்சவே செய்கிறோம். அதில் பணம் போட்டவரும், பொறுப்பு ஏற்றவரும், நஷ்டப்படுபவரும் ஒருவரே என்பதால் யாரையும் யாரும் ஏய்க்கவில்லை. நாம் கண்டிப்பதெல்லாம், செலவை எழுதினவர் தலையில் கட்டிவிட்டுப் பதிப்பகத்தார் என்ற பேரை மட்டும் தாம் வைத்துக் கொள்ளும் தந்திரத்தைத்தான்.

இதனால் வருகிற கேடு ஒரு தறித்தொழிலாளியின் கேடு மட்டுமல்ல. பணம் கட்டினவர் பாட்டுத்தான் புத்தகமாகும் என்றால், அதிகாரி பாட்டும், காண்டிராக்டர் பாட்டும், ஓய்வுச் சம்பளக்காரர் பாட்டும் வந்துகொண்டேயிருக்கும். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண்ணின் பாட்டும், போர்வெல் வண்டியோடு வடதேசம் போய் வருஷத்துக்கு ஒரு தரம் திருச்செங்கோட்டுக்குத் திரும்புகிறவன் பாட்டும் நோட்டிலேயே மட்கிப் போகும். ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் இந்தச் சீமையின் கவிதைகளை எடுத்துப் பார்த்தால், இங்கே எல்லோரும் மாடி வீட்டில் உட்கார்ந்து நிலாவைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள் என்றுதான் நினைப்பார்.

சரி, பதிப்பகத்தார் பக்கத்து நியாயம் என்னவென்று பார்ப்போம். கணக்கை ஒளிவு மறைவில்லாமல் போட்டுவிடலாம். 96 பக்கக் கவிதைப் புத்தகம், 300 பிரதி. அச்சும் காகிதமும் கட்டும் சேர்த்துப் பிரதிக்கு 55 ரூபாய் வீதம் 16,500. பக்கம் அமைக்கவும், மெய்ப்புத் திருத்தவும், அட்டைப் படத்துக்கும் 4,000. ஆக 20,500 ரூபாய். விலை 120 என்று வைப்போம். கடைக்காரருக்கு 40 ரூபாய் கழிவு போனால் நமக்கு 80. முன்னூறும் விற்றால் 24,000. எழுதினவருக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு, பிரதிக்கு 12 ரூபாய் வீதம் 3,600 கொடுத்தால் மிஞ்சுவது 20,400. அதாவது ஒரு பிரதி விடாமல் விற்றுத் தீர்ந்தாலும் 100 ரூபாய் கைநஷ்டம். இதில் வாடகை இல்லை, தபால் இல்லை, நம் உழைப்புக்குக் கூலி இல்லை. புத்தகத்துக்கு விற்பனை வரி கிடையாது என்று சொல்லுவார்கள், உண்மைதான். ஆனால் காகிதத்துக்கு வரி உண்டு, அது இந்த 55 ரூபாய்க்குள் அடங்கியே இருக்கிறது. நாமக்கல்லில் முட்டைக்கு என்ன விலை என்று தினந்தோறும் அறிவிக்க ஒரு குழு இருக்கிறது. தீனி விலை ஏறினால் முட்டை விலையைப் பற்றி ஊரே பேசுகிறது. காகித விலை ஏறினால் மட்டும் கவிதைப் புத்தகத்தின் விலையைக் குறைக்கச் சொல்லுகிறார்கள்!

இத்தனைக்கும் காகிதம் அயல் தேசத்திலிருந்து வரவேண்டியதில்லை. பள்ளிபாளையத்தில் காவிரிக் கரையில் 1960-ல் தொடங்கின காகித ஆலை இருக்கிறது. பரமத்தி வேலூருக்கு எதிர்க்கரையில், கரூர்ப் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் சர்க்கார் ஆலை இருக்கிறது. நம் காட்டுக் கரும்பின் சக்கை வெள்ளைக் காகிதமாகி நம் கண் முன்னாலேயே லாரியில் ஏறிப் போகிறது.

நம் சொந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் பிறரைக் கண்டிக்கிறவர் தம் முதுகையும் காட்ட வேண்டும். இதை எழுதுகிற நாம், சில வருஷங்களுக்கு முன் இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு கவிதைப் புத்தகம் போட்டோம். எழுதினவரிடம் காசு வாங்கக்கூடாது என்பதில் உறுதியாய் இருந்தோம். மற்ற எல்லாவற்றிலும் முட்டாள்களாய் இருந்தோம். அதிகம் அடித்தால் பிரதிக்கு அடக்கம் குறையும் என்று அச்சகத்தார் சொன்னதை நம்பி 500 அடித்தோம். 140 இனாமாய்ப் போயிற்று. கையில் காசு கொடுத்து வாங்கினவர்கள் 90 பேர். 120-ஐக் கடைகளில் கடனுக்குக் கொடுத்தோம். அதில் 30-க்குத்தான் பணம் வந்தது. ஒரு கடைக்காரர் கடையையே மூடிவிட்டார். மிச்சம் 150 கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஐப்பசி மழையில் ஓதம் ஏறி, கறையான் ஏறி, பொங்கலுக்கு வீடு கூட்டும்போது மண்ணாய் வந்தது. கவிதையை எங்களைவிட ஆழமாய்ப் படித்தது கறையான்தான் என்று எங்கள் வீட்டு அம்மாள் சொன்ன பரிகாசத்துக்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை.

அந்த 140 இனாம் பிரதிகளை யார் வாங்கிக் கொண்டார்கள் தெரியுமா? வாங்கச் சக்தியில்லாதவர்கள் அல்ல. சக்தியில்லாதவர் ஒருவர்கூட இனாம் கேட்கவில்லை. ஒரு கிளீனர் பையன் 20, 20 ரூபாயாக நாலு தவணையில் கொடுத்து வாங்கினான். (கழிவு போக 80-க்குக் கொடுத்தோம்.) இனாம் கேட்டவர்களெல்லாம் நம்முடைய சிநேகிதர்கள், வாத்தியார்கள், பேச்சாளர்கள், கூட்டத் தலைவர்கள். "நமக்கொரு பிரதி எடுத்து வையுங்கள்" என்பார்கள். அந்த "நமக்கு" என்ற சொல்லில் எவ்வளவு உரிமை! டீக்கடையில் "நமக்கொரு டீ" என்று சொல்லிவிட்டுக் காசு கொடுக்காமல் போவார்களா?

நம் இயக்கத்துத் தோழர்களையும் இதில் சும்மா விடுவதற்கில்லை. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டு வருஷம் முழுவதும் தொடாதவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். நாம் என்ன செய்கிறோம்? கவிஞரை மேடைக்கு அழைத்து, 250 ரூபாய்க்குப் பொன்னாடை வாங்கிப் போர்த்தி, படம் எடுத்துக் கொள்ளுகிறோம். மேடைக்கு இடது பக்கத்தில் அவருடைய புத்தகம் 120 ரூபாய்க்கு ஒரு மேஜையில் கிடக்கிறது. கூட்டம் முடிந்தால் அந்த மேஜையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறோம். போர்த்திய துணியை அவர் வீட்டில் என்ன செய்வார்? பத்துப் பொன்னாடை சேர்ந்தால் பெட்டியில் வைப்பார், நூறு சேர்ந்தால் பெட்டிக்கு இடமில்லை. பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று தலைவர்களே சொல்லியும் பார்த்துவிட்டார்கள். அதற்கும் நம்மவர் இனாம் புத்தகமாய்த் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நிற்க. நமக்கு முன்னால் இந்தக் காரியத்தை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது பிரயோஜனமாய் இருக்கும். 1938-ல் "பாரதிதாசன் கவிதைகள்" முதல் தொகுதி வெளிவந்தது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒப்பிக்கும் பாட்டுக்கள் பல அதில் உள்ளவை. அதை வெளியிட்டது பெரிய புத்தகக் கம்பெனி அல்ல. குஞ்சிதம் குருசாமி என்ற பெண்மணி. 1929-ல் சாதி பாராமல் சுயமரியாதைத் திருமணம் செய்து கொண்ட பட்டதாரி அவர். பணம் உதவினவர் கடலூர் டி. என். நாராயணசாமி நாயுடு. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பாட்டை, ஒரு பெண் தம் பேரைப் போட்டு, ஊர்ச் சாதிக்காரர்கள் முறைக்கும் காலத்தில் புத்தகமாக்கிக் கொண்டுவந்தார் என்பதைச் சிறு விஷயமாய் நினைக்க வேண்டாம்.

"நாயுடுவும் ஒரு தனவந்தர்தானே? தனவந்தர் தயவில் வந்த பாட்டை நீங்கள் மெச்சுவானேன்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நமக்குத் தெரிந்தவரை அவர் தம்மைப் பாடச் சொல்லவில்லை என்பது ஒரு பதில். ஆனால் அந்தப் பதிலோடு நாம் திருப்தியடையவில்லை. கடலூர் நாயுடு ஊருக்கு ஒருவர், வருஷத்துக்கு ஒருவர் பிறந்துகொண்டிருக்க மாட்டார். அடுத்து வருகிற தனவந்தர் தம் தகப்பனார் படத்தை முதல் பக்கத்தில் போடச் சொல்லுவார். அதற்கடுத்தவர் தம் சாதிச் சங்கத்தைப் பற்றி நாலு வரி சேர்க்கச் சொல்லுவார். அதே பாரதிதாசனுக்கு 1946 ஜூலை 29-ந் தேதி அண்ணாதுரை முன்னின்று சென்னையில் 25,000 ரூபாய் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். மகிழ்ச்சிதான். அப்பொழுது அவருக்கு வயது 55. அதுவரை அவர் பாட்டைப் பாடினவர்களும் கேட்டவர்களும் ஆளுக்கொரு பிரதி காசு கொடுத்து வாங்கியிருந்தால், மொத்தமாய் நிதி கொடுத்துக் கடனைத் தீர்க்க வேண்டிய நிலைமை வந்திருக்குமா?

நம் ஊர்க் கவிஞர் சங்கதியும் அதுதான். மோகனூரில் 1888-ல் பிறந்த இராமலிங்கம் பிள்ளை, படம் எழுதிப் பிழைத்தார், பாட்டு எழுதிப் புகழ் பெற்றார். 1949-ல் சர்க்கார் அவரை ஆஸ்தான கவி ஆக்கினார்கள். இப்பொழுது கோட்டையில் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பேர் இருக்கிறது. கட்டடத்துக்குப் பேர் வைக்க ஒரு உத்தரவு போதும். ஒரு கவிஞர் தம் பாட்டாலேயே அரிசி வாங்க வேண்டுமானால் உத்தரவு போதாது, இருநூறு முன்னூறு பேர் மடியை அவிழ்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றியே பேசிக் கொண்டிருப்பதாகத் தோன்றலாம். இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதையும் நாமக்கல்தான் நமக்குக் கற்றுக் கொடுத்தது. பெருமாள்முருகன் 2010-ல் வெளியிட்ட "மாதொருபாகன்" நாவலை 2014 டிசம்பர் 26-ல் திருச்செங்கோட்டில் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. 12-ந் தேதி நாமக்கல் கலெக்டர் ஆபீசில் சமாதானப் பேச்சு என்று கூப்பிட்டார்கள். அங்கே அவரிடம் எழுதி வாங்கின ஒப்பந்தத்தில் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிப்பது ஒன்று. இன்னொன்று என்ன? விற்காமல் இருக்கும் பிரதிகளைத் திரும்பப் பெற்றுக் கொள்ளுவது! அதன் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துப் போனான் என்று தாமே அறிவித்துவிட்டு எழுதாமல் இருந்தார். 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பு வந்த பிறகு முதலில் வெளிவந்தது ஒரு கவிதைப் புத்தகம், "கோழையின் பாடல்கள்". வாயைக் கட்டிவைத்திருந்த காலத்தில் எழுதின பாட்டுக்கள்.

"விற்காமல் இருக்கும் பிரதிகள்" என்ற அந்த இரண்டு மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும். விற்ற பிரதியை யாரும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது. அது ஆயிரம் வீட்டில், ஆயிரம் அலமாரியில், தலையணைக்கடியில் இருக்கிறது. கிடங்கில் கட்டுக்கட்டாய்க் கிடப்பதுதான் பிணையாய் மாட்டிக் கொள்ளுகிறது. நாவலுக்காவது பெரிய பதிப்பகமும், நாடு முழுவதும் வாசகரும், கோர்ட்டுக்குப் போக ஆளும் இருந்தார்கள். நம் தறித்தோழர் புத்தகத்தில் ஒரு பாட்டு ஒரு தறி முதலாளி சங்கத்துக்கோ ஒரு சாதிச் சங்கத்துக்கோ பிடிக்காமல் போய்விட்டால், கட்டிலுக்கடியில் 150 பிரதியோடு உட்கார்ந்திருக்கும் பதிப்பகத்தார் எத்தனை நாள் தாங்குவார்? ஆதலால் அச்சாகி வந்த வாரத்திலேயே பிரதிகளெல்லாம் வாங்கினவர் கைக்குப் போய்விட வேண்டும் என்பதை நாம் வியாபார முறையாக மட்டும் சொல்லவில்லை. எழுதினவருக்கு அதைவிட நல்ல காவல் வேறு இல்லை.

பதிப்பித்தவர் பேர் என்று புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் போடுகிறார்களே, அது அலங்காரமும் அல்ல. 1933-ல் "குடி அரசு" தலையங்கம் ஒன்றுக்காக எழுதின பெரியார் மட்டும் ஜெயிலுக்குப் போகவில்லை. பிரசுரகர்த்தர் என்று பேர் போட்டிருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் போனார். அமெரிக்காவிலும் இப்படியே. 1957-ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆலன் கின்ஸ்பெர்க் என்பவர் எழுதின கவிதைப் புத்தகம் ஆபாசம் என்று வழக்குப் போட்டபோது, கூண்டில் நிறுத்தப்பட்டவர் கவிஞர் அல்ல. "சிட்டி லைட்ஸ்" என்ற சின்னப் புத்தகக் கடையும் பதிப்பகமும் நடத்தின ஃபெர்லிங்கெட்டிதான். விடுதலையாகி வந்து, அந்தப் புத்தகத்தையே மேலும் மேலும் அச்சிட்டார். எழுதினவரிடம் 35,000 வாங்கிக் கொண்டு பேர் போடுகிற நம் பட்டணத்துப் பதிப்பகத்தார் இப்படிக் கூண்டில் நிற்பாரா? அன்றைக்கே கவிஞர் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிடுவார்.

இந்தச் சீமையில் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1968-ல் சேலத்திலிருந்து சி. மணி முதலானவர்கள் "நடை" என்ற காலாண்டுப் பத்திரிகை நடத்தினார்கள். புதுக்கவிதைக்கு இடம் தந்த அது நீண்ட நாள் ஓடவில்லையென்றாலும், இன்றும் அதன் பேரைச் சொல்லுகிறார்கள். மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் "மணல்வீடு" இதழும், அதே பேரில் புத்தகங்களும் வெளியிட்டு வந்திருக்கிறார். கூத்துக் கலைஞர்களுக்கும் அதே கையால் வேலை செய்கிறார். சென்னைக்குப் போகாமல், கிராமத்து விலாசத்தோடு, கவிதை அச்சுப் போட முடியும் என்பதற்கு இவை போதும். ஆனால் இவைகளெல்லாம் ஓரிருவர் தோளின் மேல் நின்றவை. தோள் வலித்தால் நின்றுவிடும். அதுதான் நம் விசாரம்.

"இதெல்லாம் எதற்கு, கைப்பேசியில் எழுதிவிட்டால் செலவில்லாமல் பதினாயிரம் பேர் பார்ப்பார்களே" என்று சில வாலிபர்கள் சொல்லுகிறார்கள். தாராளமாய் எழுதட்டும். அதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை. ஆனால் அங்கே ஒரு கம்பெனிக்காரன் வைத்த பெட்டியில்தான் பாட்டு இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் அவன் யாரையும் கேட்காமல் எடுத்துவிடலாம். புகாரே இல்லாவிட்டாலும் மறுவாரம் அந்தப் பாட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நம் கிளீனர் பையன் நாலு தவணையில் வாங்கின புத்தகம் இன்னமும் வண்டியில் அவன் தலைமாட்டில் இருக்கிறது.

அச்சு முறை இப்பொழுது நமக்கு அனுகூலமாய் மாறியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஈய எழுத்தைப் பொறுக்கி அடுக்க வேண்டும். அறைப்பெட்டியில் எழுத்து அதிகமாய் இருந்தது அச்சுக் கோப்பவருக்குக் கஷ்டம் என்பதும் சேர்ந்துதான் 1935-ல் "குடி அரசு" லை, னை, றா முதலிய எழுத்துக்களைச் சீர்திருத்தி அச்சிட ஆரம்பித்தது. சர்க்கார் அதை ஒப்புக்கொள்ள 1978 ஆயிற்று. இன்று ஈயமும் இல்லை, அறைப்பெட்டியும் இல்லை. கணினியில் பக்கம் அமைத்து 100 வேண்டுமானால் 100, தீர்ந்த பிறகு இன்னும் 50 என்று அச்சிட்டுக் கொள்ளலாம். 500 அடித்துக் கறையானுக்குப் படையல் வைக்க வேண்டியதில்லை.

தபால் சங்கதிதான் கொஞ்சம் தொல்லை. புத்தகங்களைக் குறைந்த செலவில் பதிவுத் தபாலில் அனுப்பும் வசதியை 2024 டிசம்பரில் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். பதிப்பகத்தார்கள் கூச்சல் போட்ட பிறகு 2025 மே 1 முதல் "ஞான் போஸ்ட்" என்று ஒன்று வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். கல்வி, சமூகம், பண்பாடு, மதம் சம்பந்தப்பட்ட புத்தகங்களுக்கு என்று விதி. தறிப்பாட்டு இதில் எந்தக் கணக்கில் சேரும் என்று தபாலாபீசில் வாதாட வேண்டியிருக்கலாம். பண்பாடு என்று சொல்லிக் கொள்ளுவோம்.

நூலகத்தை மறக்கக்கூடாது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி நாம் எல்லோரும் கட்டுகிறோம். படிக்கிறவரும் கட்டுகிறார், படிக்காதவரும் கட்டுகிறார். ஆகவே கிளை நூலகத்துக்குப் போய், இன்ன புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கேட்பது பிச்சையல்ல, கொடுத்த காசுக்குச் சரக்குக் கேட்பது. ஆனால் நூலக உத்தரவு வரும் என்று அதையே நம்பிப் புத்தகம் போடுகிற பதிப்பகத்தார், நாளடைவில் உத்தரவு போடுகிறவருக்குப் பிடித்த பாட்டையே தேட ஆரம்பித்துவிடுவார். அது வந்தால் இரண்டாம் பதிப்புக்கு உதவட்டும். முதல் பதிப்பு வாசகர் காசில் வரவேண்டும்.

அதற்கு வழி புதிதல்ல. 1887-ல் சாமிநாதையர் சீவக சிந்தாமணி அச்சிட்டபோது முன்கூட்டிக் கையொப்பம் வாங்கித்தான் காரியத்தை நடத்தினார். சைன நூலுக்குச் சைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரிகைக்குச் சந்தா என்றால் நமக்குப் புரிகிறது. புத்தகத்துக்கும் அதே சந்தாதான். 200 பேர் ஆளுக்கு 120 ரூபாய் முன்கூட்டிக் கொடுத்தால் 24,000. அச்சுச் செலவு 20,500-ம் எழுதினவர் பங்கு 2,400-ம் போக 1,100 கையில் நிற்கும். கடைக்காரர் கழிவு இல்லை, கடன் இல்லை. நேரில் வாங்கிக் கொள்ளுகிறவருக்குத் தபால் செலவும் இல்லை. மிச்சமுள்ள 100 பிரதி புத்தகச் சந்தைகளில் விற்றால் அது அடுத்த கவிஞரின் புத்தகத்துக்கு முதல். கையொப்பம் போட்டவர்கள் பேரைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். பேருக்காகக் காசு கொடுக்கிற பழக்கம் கோவில் குழல்விளக்கோடு நிற்கட்டும்.

கையொப்பம் போட்டவர்களுக்குப் பாட்டில் கை வைக்க அதிகாரம் உண்டா என்று ஒரு தோழர் கேட்டார். கிடையாது. பிடிக்காவிட்டால் அடுத்த புத்தகத்துக்குச் சந்தா கட்டாமல் இருக்கலாம். அந்த அதிகாரம் போதும்.

தறித்தோழரை 35,000 ரூபாய்க் கடன் வாங்காமல் தடுத்துவிட்டோம். நோட்டை வாங்கி, இருவர் உட்கார்ந்து 48 கவிதைகளைப் பொறுக்கியிருக்கிறோம். அதில் மூன்றைப் பற்றி அவருக்கும் நமக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. ஒரு பத்து ரூபாய் நோட்டில் வரி இழுத்து, பேரும் ஊரும் தொகையும் எழுதிக்கொண்டு வருகிறோம். முதல் வாரத்தில் 71 பேர் சேர்ந்திருக்கிறார்கள். குமாரபாளையம், பள்ளிபாளையத்துத் தறிக்காரர்கள் 40 பேருக்கு மேல். வாத்தியார்கள் 6 பேர். முன்பு நம்மிடம் இனாம் பிரதி வாங்கின 140 பேரில் இதுவரை 3 பேர். இன்னும் 129 பேர் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு ராசிபுரம் போகிறோம்.